ஒரு காரும் இரண்டு சாவியும்

பெரம்பலூர்,
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

பூங்குழலி,

இது கடிதம் இல்லை. வண்டியைப் பற்றிய தகவல். என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் தாளில் எழுதி டேஷ்போர்டுக்குள் வைக்கிறேன்.

வாரம் ஒருவர் என்று உன் தம்பி வழியாகப் பேசி முடித்தபடி, இந்த வாரம் வண்டி மறுபடி உனக்கு. அரியலூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அங்கே காக்கை எச்சம் விழும். வெயிலில் விட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. எச்சத்தைக் கழுவிக்கொள்ளலாம்.

ரிவர்ஸ் கியர் சில நேரம் விழாது. பலம் காட்டாதே. முதல் கியருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் விழும். டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிடும், உள்ளங்கையால் மேலே தள்ளிக்கொண்டே சுவிட்சை அழுத்து. பெட்ரோல் முள் கால் டேங்குக்குக் கீழே இறங்குவதில்லை. அதை நம்பிக்கொண்டு ஜெயங்கொண்டம் தாண்டாதே. சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே. கல் விழுந்து கண்ணாடி போனால் லாரிக்காரன் நிற்க மாட்டான்.

இனி முக்கியமானது. உன்னிடமிருந்து வண்டியை எடுக்கும்போதெல்லாம் கருகிய வாசனை வருகிறது. என்னிடம் ஓரிரு நாள் ஓடியதும் போய்விடுகிறது. திரும்ப உன்னிடம் போனால் திரும்ப வருகிறது. ஆக, கோளாறு வண்டியில் இல்லை, ஓட்டுகிறவரிடம் இருக்கிறது. கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாய். கிளட்ச் பிளேட் கருகுகிறது. காலை எடு.

பாடாலூரில் நடந்ததை நீ உன் அம்மாவிடம் சொன்ன விதம் என் காதுக்கு வந்தது. பொங்கல் முடிந்து திருச்சியிலிருந்து திரும்பினோம், நீ ஓட்டினாய், நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், நீ இறங்கி பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். எல்லாம் சரி. எதிரே லாரி வந்ததை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாய்.

அறிவரசன்


அரியலூர்,
16 பிப்ரவரி 2025

திரு. அறிவரசன் அவர்களுக்கு,

தகவல் கிடைத்தது. மரத்தடியில் நிறுத்தியதற்கு நன்றி. காக்கைகளும் நன்றி சொல்லச் சொன்னன.

உங்கள் நம்பரைத் தடுத்தது பேசப் பிடிக்காமல் இல்லை. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பேசிவிடுவீர்கள். தாளில் குறுக்கே பேச முடியாது. அதனால் இப்படியே இருக்கட்டும். எனக்கு வசதியாக இருக்கிறது.

உங்கள் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று. சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளியே விட்டுவிட்டுப் போகிறீர்கள். நான் அவசரத்தில் ஏறி உட்கார்ந்தால் பிரேக் எட்டவில்லை. பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவர் அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவைக்கலாம்.

இந்த வாரம் முழுக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். கிளட்ச் தேவைப்படாதபோதெல்லாம் இடது காலை ஓரமாக மடக்கி வைத்துக்கொண்டேன். என் நோயாளிகளுக்குச் சொல்வதுபோல எனக்கே "காலை எடுங்க, காலை எடுங்க" என்று சொல்லிக்கொண்டேன். வாசனை வந்தது. டவுனுக்குள் வரவில்லை. ஆண்டிமடம் தாண்டி வீடுகளுக்குப் போய்ப் பிசியோதெரபி பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் வருகிறது. ரப்பர் கருகும் வாசனையும் இல்லை. கொள்ளு வறுக்கும்போது அடுப்பை மறந்துவிட்டால் வருமே, அது.

என் நோயாளி காத்தாயியைப் பற்றி முன்பு சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் வாதம் வந்து கை, கால் விளங்காமல் போனவர். இப்போது கைத்தடியோடு வாசல் வரை வருகிறார். வாய் மட்டும் எப்போதும் போல. "ஒரு வாரம் கார்ல வர, ஒரு வாரம் பஸ்ல வர. காருக்கு ரெண்டு பொண்டாட்டியா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கச் சொன்னேன்.

பாடாலூரில் லாரி வந்ததை நான் பார்த்தேன். அதற்காகத்தான் வேகத்தைக் குறைத்தேன். நடுத்திட்டு இடைவெளியில் நின்று அது போனபின் திரும்புவதாக இருந்தேன், இண்டிகேட்டரும் போட்டிருந்தேன். நீங்கள் பிரேக்கை இழுத்ததும் வண்டி அணைந்து குறுக்கே நின்றது. பின்னால் வந்த பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஓட்டத் தெரியலன்னா வூட்ல கெடக்க வேண்டியதுதானே" என்றார். நீங்கள் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இறங்கியது அதற்காக.

ஒரு செய்தி. கல்யாணமான புதிதில் பெரம்பலூருக்கு மாற்றல் கேட்டிருந்தேன் இல்லையா, உத்தரவு வந்துவிட்டது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் சேருகிறேன் அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சேருகிறேன் என்றால் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வேண்டாம் என்றால் அதற்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இன்னும் எதையும் எழுதவில்லை.

பூங்குழலி


பெரம்பலூர்,
23 பிப்ரவரி 2025

பூங்குழலி,

சீட்டை முன்னால் நகர்த்திவிட்டேன். நான் வெளியே வரும்போது முழங்கால் இடித்தது.

கிளட்சைச் சோதித்தேன். மூன்றாவது கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கிளட்சை விட்டால் எஞ்சின் உடனே அணைய வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடினால் பிளேட் தேய்ந்துவிட்டது. உடனே அணைந்தது. பிளேட் நன்றாக இருக்கிறது. இதை எழுத மனசு வரவில்லை, ஆனால் சோதனை முடிவு இதுதான்.

அப்படியானால் அடுத்தது பிரேக். ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டே வருகிறது. நீ வீடு திரும்பியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார். தொடாதே, பக்கத்தில். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதுதான். மில்லில் நான் பார்க்கிற மெஷின்கள் இதைவிடச் சிக்கலானவை, இது கண்டுபிடிக்கக் கூடியதுதான்.

கொள்ளு வாசனை என்று எழுதியிருக்கிறாய். இந்த வண்டியில் கொள்ளு ஊற்றுகிற இடம் எதுவும் இல்லை. மூக்கு மீட்டர் இல்லை. எந்த வேகத்தில், எவ்வளவு தூரம் ஓடியபின் வருகிறது என்று கவனித்து எழுது.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்றால் சேருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. நீ கேட்டாய், கிடைத்தது.

அறிவரசன்


அரியலூர்,
2 மார்ச் 2025

மாமாவுக்கு,

"கேட்டாய், கிடைத்தது." சோப்பு வாங்கிய கடையில்கூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் பேசுவார்கள். சரி, இருக்கட்டும். சீட்டை நகர்த்தி வைத்ததற்காக மாமா என்று எழுதியிருக்கிறேன்.

சக்கரங்களைப் பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரிதான் இருந்தன. நான் கையை நீட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்ததை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்னடி, காருக்கும் வைத்தியமா?" என்றார்.

நீங்கள் கேட்டபடி கவனித்தேன். திங்களன்று வாசனை இல்லை. செவ்வாயன்று இருந்தது. புதனன்று காலையில் இல்லை, மாலையில் மிக அதிகம். வேகத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. வேறு ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. நாலு வீடு, நாலு பேர், அதே ரோடு.

ரோடு என்றதும் நினைவுக்கு வருகிறது. காத்தாயி ஊருக்குத் திரும்பும் வழியில் இப்போது ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி பரப்பியிருக்கிறார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி மணி உதிர்ந்துவிடுகிறது. எல்லா வண்டியும் ஒதுங்கிப் போகப் பார்க்கும், நான் ஒதுங்குவதில்லை. காத்தாயியின் மருமகள் சக்தி ஓடிவந்து, "டாக்டரம்மா, இன்னொரு தடவ பின்னால வந்துட்டுப் போங்களேன், அந்த ஓரம் மிதிபடல" என்பாள். நானும் ரிவர்ஸ் எடுத்து, இரண்டு மூன்று முறை போய் வருவேன். உங்கள் ரிவர்ஸ் கியர் இப்போது எனக்கு ஒரே தடவையில் விழுகிறது, அவ்வளவு பழக்கம். புதனன்று மூன்று வீட்டுக்காரர்களின் கொள்ளுச் செடியை அடித்துக் கொடுத்தேன். ஒரு படி கொள்ளு கொடுத்தார்கள். பின்சீட்டில் பையில் இருக்கிறது, பாதி உங்களுக்கு. ரசம் வைக்கத் தெரியுமா?

மாற்றலைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். காத்தாயி இருக்கிறார். அவரைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். நீங்கள் இருக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டும்போது உங்கள் இடது கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதும் இருக்கிறது. இதையெல்லாம் யோசிக்கிறேன்.

பூங்குழலி


பெரம்பலூர்,
9 மார்ச் 2025

பூங்குழலி,

போன ஞாயிறு ஸ்டாண்டில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். கொள்ளுச் செடி என்று எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கி, போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். ஸ்டாண்டுக்காரர் தர்மன் குனிந்து பார்த்து, "என்ன சார், பூனை புகுந்துருச்சா?" என்றார்.

காய்ந்த கொள்ளுக் கொடி. சைலன்சர் குழாயைச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி இறுகியிருந்தது. வண்டித் தரைக்கும் குழாய்க்கும் நடுவில் அப்பியிருந்தது. கையால் பிய்த்துப் பிய்த்து இழுத்தேன். மேல் அடுக்கு பச்சை மஞ்சள், உள் அடுக்கு முழுக்கக் கரி. நெருப்பு பிடிக்க அதற்குக் கொஞ்சம் காற்றுதான் குறைவாக இருந்திருக்கிறது. அதற்கு நேர் மேலே பெட்ரோல் குழாய் போகிறது. அதற்கு மேலே நீ உட்கார்ந்திருக்கிறாய்.

என்னிடம் வந்ததும் வாசனை ஏன் போயிற்று என்பதும் தெரிந்துவிட்டது. பைபாஸில் ஓட்டும்போது கரிந்து உதிர்ந்திருக்கிறது. அதாவது அது என் காலுக்குக் கீழேயும் கருகிக்கொண்டிருந்தது. நான் கிளட்ச், பிரேக் என்று சீட்டில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உனக்குப் புத்தி இருக்கிறதா? ரோட்டில் செடியைப் பரப்புகிறவர்களுக்குத்தான் இல்லை. ஒதுங்கிப் போக வேண்டியதை விட்டுவிட்டு ரிவர்ஸ் எடுத்து ரிவர்ஸ் எடுத்து ஏற்றியிருக்கிறாய். வண்டியோடு எரிந்திருப்பாய். உன்னிடம் சொன்னால் கேட்க மாட்டாய், அந்த அம்மாவின் மருமகள் கூப்பிட்டால் போவாய்.

அதனால் வண்டியை இன்று கொண்டுவரவில்லை. இந்தக் கடிதத்தைத் தர்மனிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்புகிறேன். கொள்ளு சீசன் முடிகிற வரை வண்டி பெரம்பலூரில் இருக்கும்.

அறிவரசன்


அரியலூர்,
12 மார்ச் 2025

திரு. அறிவரசன் அவர்களுக்கு,

வண்டி இல்லாத ஸ்டாண்டில் கடிதத்தை வைக்க இடமில்லை. தபாலில் அனுப்புகிறேன்.

ஞாயிறு காலை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். தர்மன் அண்ணன் கடிதத்தை நீட்டி, "சார் வந்தாரு, வண்டி வரலம்மா" என்றார். அங்கேயே நின்று படித்தேன்.

படித்ததும் பயந்துபோனது உண்மை. பெட்ரோல் குழாய் அந்த வழியாகப் போகிறது என்று எனக்குத் தெரியாது. செடி அடியில் சிக்கும் என்றும் தெரியாது. சிக்கும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றோடு நிறுத்தியிருப்பேன். சக்தியிடமும் சொல்லியிருப்பேன். "சொன்னால் கேட்க மாட்டாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். காலை எடு என்றீர்கள், எடுத்தேன். சக்கரத்தைப் பார் என்றீர்கள், பார்த்தேன். கவனித்து எழுது என்றீர்கள், எழுதினேன். நான் எழுதியதை வைத்துத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். நான் எதைக் கேட்கவில்லை?

திங்கள் ஆண்டிமடம் வரை பஸ், அதற்கப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ, மீதி நடை. நாலு வீட்டில் இரண்டுக்குத்தான் போக முடிந்தது. காத்தாயி வீட்டுக்குப் போகவில்லை. அவர் கட்டிலில் தயாராக உட்கார்ந்து இருட்டும் வரை காத்திருந்தார் என்று சக்தி போனில் சொன்னாள்.

பாடாலூரில் நான் ஓட்டும்போது பக்கத்திலிருந்து இழுத்தீர்கள். இப்போது பெரம்பலூரில் இருந்துகொண்டே இழுத்திருக்கிறீர்கள். அன்றும் பயம்தான் காரணம், இன்றும் பயம்தான். பயந்தால் என்னிடம் சொல்ல வேண்டும். வண்டியைப் பிடுங்கக் கூடாது.

மாற்றல் வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டேன். கையெழுத்து மட்டும் போடவில்லை.

பூங்குழலி


பெரம்பலூர்,
16 மார்ச் 2025

பூங்குழலி,

வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியாயிற்று. இடது சீட்டுக்கு அடியில் சின்னத் தீயணைப்பு சிலிண்டர் வைத்திருக்கிறேன்.

தகவல்: செடி பரப்பிய இடத்தில் ஒதுங்க முடிந்தால் ஒதுங்கு. முடியாமல் ஏறிவிட்டால், தாண்டியதும் வெறும் தரையில் நிறுத்திக் குனிந்து பார். உடனே கை விடாதே, குழாய் சுடும். புகை வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி விலகிப் போ. பானெட்டைத் திறக்காதே, திறந்தால் காற்று கிடைத்துப் பற்றிக்கொள்ளும். பையை எடுக்கத் திரும்பாதே. இவ்வளவுதான். எந்த ரோட்டில் போவது என்பது உன் முடிவு.

பஸ் டிரைவர் உன்னைத் திட்டியபோது நான் வாயைத் திறக்கவில்லை. இழுத்தது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் இத்தனை நாளாக லாரியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன், இதைப் பற்றி எழுதவில்லை. விளக்கம் இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை.

சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. உனக்கு வேலை உண்டு என்று தெரியும். நீ ஓட்டு, நான் இடது பக்கம் உட்கார்ந்து வருகிறேன். முடியாது என்றால் பரவாயில்லை. முடியும் என்றால் தர்மனிடம் சொல்லி வை, காலையில் ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

கொள்ளு ரசம் வைத்தேன். கசந்தது. வறுக்கும்போது அடுப்பை மறந்துவிட்டேன். நீ சொன்ன வாசனை அதேதான்.

அறிவரசன்


அரியலூர்,
23 மார்ச் 2025

மாமாவுக்கு,

நேற்று முழுக்கக் காருக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டு இன்று கடிதம் எழுதுவது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேரில் சொல்லாததை எழுதிவிடுகிறேன்.

ஏறியதும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். ஜெயங்கொண்டம் வரும் வரை எடுக்கவில்லை. இல்லாத பிரேக்கை இடது கால் ஒரு தடவைதான் மிதித்தது, பார்த்தேன். ஆட்டு மந்தைக்காக நான் நின்றபோது பின்னாலிருந்து டிப்பர்காரன் ஹாரன் அடித்து, "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்டித்தான்" என்று கத்தினான். நீங்கள் தலையை வெளியே நீட்டி, "ஆடு போறது தெரியலயா? அவங்க சரியாத்தான் நிக்கிறாங்க" என்றீர்கள். அதற்கப்புறம் கொஞ்ச தூரம் எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. அதுவும் நல்லது.

ஊரில் நீங்கள் பேசியதைத்தான் இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன். ரோட்டில் நின்று, "இத எவன் பரப்புனது? கார் எரியும், தெரியுமா?" என்றீர்களே. அங்கே யாரும் அசையவில்லை. சக்தி மட்டும், "அப்ப எங்க கொள்ளுச் செடிய யாரு அடிக்கிறது, நீங்க வர்றீங்களா?" என்றாள். நீங்கள் வேட்டியை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, அப்போதுதான் ஏறி வந்த செடியை இழுத்துக் காட்டினீர்கள். சக்தி தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். அவ்வளவு சூடு. அதற்கப்புறம்தான் பேச்சு மாறியது. ரோட்டில் ஒரு பாதியில் மட்டும் பரப்புவது, அதையும் டிராக்டர் விட்டு மிதிக்கவைப்பது, கார் போக மறுபாதியை விடுவது என்று அவர்களே பேசி முடித்தார்கள். களத்தில் போடுங்கள் என்று நீங்கள் நாலு தடவை சொன்னதை யாரும் கேட்கவில்லை. பாதி கிடைத்ததே.

காத்தாயி உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவருதான் அந்தக் கார்க்காரரா? பேச்சுதான் கரடுமுரடு, ஆளு பரவால்ல" என்றாரே, நீங்கள் வெளியே போனபின் இன்னும் ஒன்று சொன்னார். அதை எழுத மாட்டேன்.

இனி எஞ்சியிருப்பது மாற்றல். நேற்றே கேட்பீர்கள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. பெரம்பலூர் வந்தால் இங்கே எனக்குப் பதில் ஆள் போடுவார்களா என்று தெரியவில்லை. காத்தாயி இப்போதுதான் தடியை விட்டு நாலு எட்டு வைக்கிறார். இங்கேயே இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை வாழ்க்கைதான். எதை எழுதினாலும் ஒரு பக்கம் நொண்டும். வெறுமனே 'சேருகிறேன் என்று எழுது' என்று சொல்லாதீர்கள். யோசித்து ஒன்று சொல்லுங்கள்.

குழலி


அரியலூர்,
30 மார்ச் 2025, ஞாயிறு

குழலி,

மேலே அரியலூர் என்று போட்டிருப்பது தவறு இல்லை.

இந்த வாரம் வண்டியைப் பெரம்பலூரில் பூட்டி வைத்துவிட்டு, என்னோடு மில்லில் வேலை செய்கிற செல்லக்கண்ணுவின் வீட்டில் தங்கினேன். அவன் அரியலூர்க்காரன், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் இரண்டுக்கும் போய்ப் பார்த்தேன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குச் சேர முடிகிறது. உட்கார இடம் கிடைப்பதில்லை. பழகிவிடும். செல்லக்கண்ணு, "பொண்ணு எடுத்த ஊர்ல குடியேறப் போறியா, உங்க அம்மா உன்ன விடுமா?" என்றான். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் குக்கர் எங்கே வாங்குவது என்று கேட்டது.

பெரம்பலூரில் இருந்துகொண்டு ஆண்டிமடம் போய் வருவது உன்னால் முடியாது, தூரம் அதிகம். அரியலூரில் இருந்துகொண்டு மில்லுக்குப் போய் வருவது என்னால் முடியும். வண்டி வேலைக்குத் தேவைப்படுவது உனக்கு, எனக்கு இல்லை. இதை பிப்ரவரியிலேயே பார்த்திருக்கலாம். நீ மாறி வருவது என்ற ஒரே வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனவே மாற்றல் வேண்டாம் என்று நீ எழுதி வைத்ததில் கையெழுத்துப் போடு. நாளைக்குக் கடைசி நாள்.

ஒரு வீடு பார்த்திருக்கிறேன். சமையலறை சின்னது. வண்டி நிறுத்த நிழலான இடம் இருக்கிறது. உன் அம்மா வீட்டிலிருந்து நடந்து வந்துவிடலாம். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமல் சரி என்று சொல்லவில்லை. இன்று காலையில் வந்து பார்க்கிறோம் என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பயம் இருக்கிறது. நீ ஓட்டும்போது இருக்கிறது. நாளை நீ என்ன எழுதிக் கொடுப்பாய் என்பதிலும் இருக்கிறது. சொல்ல வேண்டும் என்றாய், சொல்லிவிட்டேன்.

நேற்று போய் வண்டியை எடுத்து வந்துவிட்டேன், ஆனால் இந்தத் தாளை டேஷ்போர்டில் வைக்கவில்லை. நீ கதவைத் திறந்ததும் நானே கையில் கொடுத்திருப்பேன். இப்போது நீ டிரைவர் சீட்டிலும் நான் இடது சீட்டிலும் இருப்போம். படித்து முடிக்கிற வரை நான் ஒன்றும் பேச மாட்டேன். படித்துவிட்டு, வண்டியை எடு. வீடு பிடிக்கவில்லை என்றால் வேறு பார்க்கலாம், அரியலூரில் வீட்டுக்குப் பஞ்சமில்லை.

அறிவு